மணிக்கட்டுச் சாட்சி

செம்மலரின் வலது முழங்கால் பிய்ந்துபோன அந்த நொடியில் நாற்பது லட்சம் பேர் அவளோடு சேர்ந்து நிம்மதியாக இருந்தார்கள். சிக்கலே அங்கேதான் ஆரம்பித்தது.

அவர்கள் கையில் 'துடிப்பு' இருந்தது. பார்க்கச் சாதாரணக் கைக்கடிகாரப் பட்டைதான். அதைக் கட்டிக்கொண்டு கபடி பார்த்தால், களத்தில் ஓடுகிறவளின் உடம்பு உங்கள் மணிக்கட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவள் நெஞ்சு படபடத்தால் பட்டை தட்டும். யாராவது அவள் கணுக்காலைப் பிடித்தால் இறுக்கும். அவளுக்கு வேர்த்தால் லேசாகச் சுடும். ஆட்டக்காரிகள் கைகால்களில் மாட்டியிருக்கும் மெல்லிய உறைகள் எல்லாவற்றையும் அனுப்பிக்கொண்டே இருக்கும். 'அவள் உணர்வது அப்படியே உங்களுக்கு' என்று கம்பெனிக்காரர்கள் ஊரெல்லாம் தட்டி வைத்திருந்தார்கள். ஜனங்களும் அப்படியே நம்பினார்கள்.

வைகை வேங்கைகள் அணிக்குச் செம்மலர்தான் கேப்டன், ரைடரும் அவள்தான். எதிரணிக் களத்துக்குள் ஒரே மூச்சில் 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டே போய், ஆளைத் தொட்டு, மூச்சு விடுவதற்குள் நடுக்கோட்டுக்குத் திரும்பி வருவது அவள் வேலை. மூன்று வருஷமாக அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். 'நடுக்கோட்டு நாகு' என்ற பெயரில் எழுதும் ஓர் ஆசாமி அவளுடைய ஒன்பதாம் நம்பரைக் கழுத்தில் பச்சை குத்திக்கொண்டு, தினமும் காலையில் அவள் படத்தைப் போட்டு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் பல் விளக்குவான்.

அரையிறுதியின் கடைசி ரைடு. ஒரு பாயிண்ட் குறைவு. ஒருத்தியைத் தோளில் தட்டிவிட்டுத் திரும்பியபோது, ஊன்றிய காலில் பாதம் ஒரு பக்கமும் முட்டி ஒரு பக்கமுமாகத் திருகியது. விழுந்தாள். நீட்டிய கை நடுக்கோட்டுக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டது, ஆட்டமும் கைவிட்டுப் போனது. அவள் அலறியது அரங்கம் முழுக்கக் கேட்டது.

நாற்பது லட்சம் மணிக்கட்டுகளில் மட்டும் ஒன்றுமில்லை. அவள் எங்கோ உட்கார்ந்து இளைப்பாறுகிற மாதிரி, பட்டை மெதுவாக, இதமாகத் தட்டிக்கொண்டிருந்தது.

அவளை ஸ்ட்ரெச்சரில் ஏற்றுவதற்குள் முதல் ஆள் எழுதிவிட்டான். "என் கைல ஒண்ணுமே வரலையே. உங்களுக்கு வந்துச்சா?" அடுத்தவன், "எனக்கும் வரல." அதற்கு அடுத்தவன், "அப்ப நடிப்பு." அவ்வளவுதான், அவிழ்த்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. எவ்வளவுக்கு விலை போனாள் என்று ஏலம் போட்டார்கள். அவள் விழுந்ததை மெதுவாக ஓட்டி, வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, "பாருங்க, விழுறதுக்கு முன்னாடி கை ஊன்றுறா" என்று பாடம் நடத்தினார்கள். விழுகிறவள் கையை ஊன்றாமல் கன்னத்திலா வைத்துக்கொள்வாள்? அதைக் கேட்க அங்கே ஆளில்லை. ஆஸ்பத்திரி ஸ்கேன் படத்தை அணி நிர்வாகம் வெளியிட்டது. "இது வேற யாரோட முட்டியோ" என்றார்கள். நாகு பனியனைக் கொளுத்தி வீடியோ போட்டான். கழுத்தில் இருந்ததை என்ன செய்வதென்று தெரியாமல் துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டிருந்தான்.

செம்மலர் எல்லாவற்றையும் படித்தாள். படிக்காதே என்றார்கள், படித்தாள். கோபம் வந்தது, அழுகை வரவில்லை. நாற்பது லட்சம் பேர் சொன்னதைச் செரித்துவிடலாம் என்று கூட அவளுக்குத் தோன்றியது. செரிக்காதது கார்மேகம் சொன்னது.

கார்மேகம் அவள் கணவன். திண்டுக்கல் பைபாஸில் வண்டிகளுக்கு சார்ஜ் போடும் கடை வைத்திருப்பவன். தாய்மாமன் மகன், சின்ன வயதிலிருந்து அவளுக்கு 'மாமா'. அவள் ஆடுகிற நாளெல்லாம் கடையை மூடிவிட்டுத் துடிப்பைக் கட்டிக்கொண்டு உட்காருவான். அதுவும் கண்ணை மூடிக்கொண்டு. "படம் எல்லாருக்கும் தெரியும் மலரு. நான் உன்னை உள்ளேருந்து பாக்கறேன்" என்பான். அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, "மூணாவது ரைடுல பயந்துட்டல்ல" என்று கேட்பான். அது சரியாகவும் இருக்கும். அவளுக்கு அதில் அத்தனை பெருமை. சொல்லாமலே தெரிந்துகொள்கிற புருஷன் யாருக்கு வாய்ப்பான் என்று அணியில் சொல்லித் திரிந்திருக்கிறாள். அப்படியே அவர்கள் இருவரும் பேசிக்கொள்வது குறைந்துபோனதை அவள் கவனிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்தவன் பிளாஸ்க்கை மேஜையில் வைத்தான். போர்வையைச் சரிசெய்தான். பிறகு கட்டுப் போட்டிருந்த முட்டியைப் பார்த்துக்கொண்டே, "நெசமாவே கிழிஞ்சிருச்சா?" என்றான்.

"டாக்டர் சொன்னதைக் கேட்டீங்கள்ல."

"கேட்டேன். இல்ல... என் கைல... நீ சும்மா உக்காந்திருந்த மாதிரி இருந்துச்சு. அதான்."

அதான். அந்த ஒரு வார்த்தை முட்டியை விட ஆழமாக எங்கோ போய்ப் பிய்த்தது. அதன்பிறகு வேளாவேளைக்குக் கஞ்சி கொண்டுவந்தான், மருந்து எடுத்துக் கொடுத்தான், தூக்கி உட்கார வைத்தான். வலிக்குதா என்று மட்டும் கேட்கவில்லை.

*

கம்பெனியிலிருந்து கௌசிக் வந்தான். கூடை நிறைய ஆப்பிள், முகம் நிறைய வருத்தம். ரசிகர் தொடர்பு அவன் பொறுப்பு. கார்மேகம் கடைக்குப் போயிருந்த நேரம். அணித்தோழி ஜாக்குலின் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். தூத்துக்குடிக்காரி, இடது கார்னரில் நிற்பவள். கணுக்காலைப் பிடித்தால் விடமாட்டாள்.

"மேடம், இதை ரொம்ப சிம்பிளா முடிச்சிரலாம்" என்றான் கௌசிக். "வெள்ளிக்கிழமை நேரலைல வர்றீங்க. ரைடுக்கு முன்னாடி கால் உறையை நீங்களே கொஞ்சம் கீழ இறக்கி விட்டீங்க, அதனால சிக்னல் போகலைன்னு சொல்றீங்க. ரசிகர்கள் கிட்ட ஒரு ஸாரி. அவ்வளவுதான்."

"நான் இறக்கி விடலையே."

"தெரியும் மேடம்."

"பிறகு எதுக்கு?"

"பட்டை பொய் சொல்லுச்சுன்னு ஒரு தடவை ஆயிட்டா, அப்புறம் யார் கட்டுவாங்க? லீக்கே அதுலதான் ஓடுது. நீங்க இதைச் சொன்னா உங்க ஆபரேஷன் எங்க பொறுப்பு, பெஸ்ட் டாக்டர். அடுத்த சீசனும் நீங்கதான் கேப்டன்."

"சொல்லலைன்னா?"

கௌசிக் ஆப்பிள் கூடையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தான். "விசாரணைக் கமிட்டி போடணும்னு ரசிகர்கள் கேக்கறாங்க. ஆட்டத்தை வித்துட்டீங்கன்னு ஒரு பேர் வந்துட்டா, நிரூபிக்கறதுக்குள்ள உங்க வயசு போயிடும் மேடம். அதான் பயமா இருக்கு."

அவன் போனபிறகு ஜாக்குலின் கூடையைத் தூக்கிக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தாள். "பயமா இருக்காம்லா. நல்லா வருது எனக்கு வாயில."

செம்மலருக்கு உண்மையிலேயே பயமாகத்தான் இருந்தது. கபடியை எடுத்துவிட்டால் தன்னிடம் என்ன மிச்சம் என்று அவளுக்குத் தெரியாது. ஸாரி சொன்னால் காலும் களமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் அன்றைக்குத் தனக்கு வலிக்கவே இல்லை என்று தானே சாட்சி சொன்னதாக ஆகும். கார்மேகமும் அதைக் கேட்பான். ஆயுசு முழுக்க அவன் மணிக்கட்டு ஜெயித்ததாக இருக்கும்.

*

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் இன்னொருத்தி வந்தாள். தலையில் முக்காடு, தோளில் ஆபீஸ் பை. பெயர் தாஹிரா, துடிப்பின் மென்பொருள் பிரிவில் வேலை என்று சொல்லிவிட்டு, உட்காரச் சொல்லும் வரை நின்றாள்.

"நான் வந்தது அவங்களுக்குத் தெரியாது மேடம். தெரிஞ்சா வேலை போயிடும்."

"எதுக்கு வந்தீங்க?"

"ராத்திரி சாப்பிட உக்காந்தா எங்க வீட்ல உங்களைத் திட்டறாங்க. அண்ணன், அண்ணன் மவன், எல்லாரும். நடிச்சிட்டாளாம். எனக்கு உண்மை தெரியும். வாயைத் தொறக்கக் கூடாதுன்னு எழுதி வாங்கியிருக்காங்க. சோறு எறங்க மாட்டேங்குது."

ஜாக்குலின் எழுந்து கதவைச் சாத்தினாள்.

தாஹிரா சொன்னாள். "உங்க உறைலேர்ந்து எல்லாமே சரியா வந்துச்சு. வலி, அதிர்ச்சி, அத்தனையும். ஆனா பட்டைக்குப் போகாது. நடுவுல ஒரு எல்லை இருக்கு. நாங்க அதை சொகுசு எல்லைன்னு சொல்லுவோம். அதுக்கு மேல எது போனாலும் கட்டினவங்களுக்கு அசௌகரியம். குழந்தைங்க பாக்கறாங்க, வயசானவங்க பாக்கறாங்க. அதனால அந்த நேரத்துக்கு மட்டும் வேற ஒண்ணை ஓட்டிருவோம்."

"வேறன்னா?"

"உங்களோடதுதான் மேடம். பழசு. மொத மொதல்ல உங்களை சென்னைக்குக் கூப்பிட்டு அளவு எடுத்தாங்கள்ல, அமைதியா உக்காருங்கன்னு சொல்லி?"

செம்மலருக்கு ஞாபகம் இருந்தது. குளிரூட்டிய அறை, மெத்து மெத்தென்று நாற்காலி. டீ கொடுத்தார்கள். பக்கத்தில் கார்மேகம் உட்கார்ந்து, அந்தச் சின்னக் கோப்பையைப் பார்த்து, "இதுல எறும்புதான் குளிக்கும்" என்று சொல்ல, இவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு குடித்தாள்.

"நான் டீ குடிச்சது" என்றாள் செம்மலர்.

"ஆமா மேடம். உங்க கால் கிழிஞ்சப்ப எல்லாருக்கும் போனது நீங்க டீ குடிச்சது."

செம்மலர் சிரித்தாள். நிற்காமல் சிரித்தாள், முட்டி அதிர்ந்து வலித்தும் நிறுத்த முடியவில்லை. ஜாக்குலின் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

"அந்த எல்லையை என்னால தூக்க முடியும்" என்றாள் தாஹிரா. "வெள்ளிக்கிழமை நேரலைல நீங்க உறை போட்டுக்கிட்டுத்தான் உக்காருவீங்க. பேசறது நெசமா பொய்யான்னு ஜனங்க கைல பாப்பாங்களாம், அதுக்காக. அந்த நேரம் பாத்து அன்னிக்குப் பதிவானதை அப்படியே விட்டுடறேன். கொறைக்காம."

"விடுங்க" என்றாள் ஜாக்குலின் உடனே. "ஒவ்வொருத்தனும் தரையில உருளட்டும். அக்கா, சரின்னு சொல்லுங்க. அந்த நாகுப்பய கதறுததை நான் பாக்கணும்."

செம்மலர் கண்ணை மூடிக்கொண்டு அதைப் பார்த்தாள். ஆசையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்? நாற்பது லட்சம் பேர் ஒரே நேரத்தில் முட்டியைப் பிடித்துக்கொண்டு உருளுவார்கள். அதில் கார்மேகமும் இருப்பான். அதை நினைத்தபோதும் ஆசை குறையவில்லை. அதுதான் அவளை உலுக்கியது.

"வேணாம்" என்றாள்.

"ஏன்க்கா?"

"பட்டை சொன்னாத்தான் நம்புவான்னா, அவன் அப்பவும் என்னை நம்பல ஜாக்கி. பட்டையத்தான் நம்பறான். நாளைக்கு உனக்கு அடிபடும், பட்டை சும்மா இருக்கும், உன்னையும் இதே பேச்சுப் பேசுவான். என் வலிய எடுத்துக் காட்டி நான் எதுக்கு அவன் கிட்ட நல்ல பேர் வாங்கணும்?" தாஹிராவின் பக்கம் திரும்பினாள். "இந்தப் பட்டை என் உடம்பை அவங்களுக்குச் சொல்லுதே. அவங்க உடம்பை யாருக்காவது சொல்லுதா?"

தாஹிரா கொஞ்சம் தயங்கினாள். "சொல்லுது. கட்டினவங்க நாடியையும் அது எழுதிக்கும். எந்த இடத்துல ஆர்வமா இருக்காங்கன்னு பாத்து விளம்பரம் போடறதுக்கு. அவங்கவங்களோடதை அவங்கவங்க பாக்கலாம், சட்டம் அப்படி. போன் செயலியில அமைப்புகளுக்குப் போயி அடி வரைக்கும் தள்ளினா 'என் நாடி'ன்னு ஒரு வரி இருக்கும். ஒருத்தரும் போறதில்லை."

"அந்த நொடில அது என்ன எழுதியிருக்கு?"

"தனித்தனியா என்னால பாக்க முடியாது. மொத்தமாத்தான் பாக்கலாம்." தாஹிரா பேசுவதை நிறுத்திவிட்டு, ஏதோ அப்போதுதான் புரிந்த மாதிரி நிமிர்ந்தாள். "மேடம், அன்னிக்கு அந்த நொடில ஒரு துள்ளல் இருக்கு. இந்த சீசன்லயே பெரிசு. நாங்க அதை ஆட்டத்தோட விறுவிறுப்புன்னு குறிச்சு வச்சுட்டோம். உங்க கால் மடங்கினதைக் கண்ணு பாத்திருக்கு. பாத்ததும் நெஞ்சு தூக்கிப் போட்டிருக்கு. அப்புறம்தான் அவங்க கையைக் கேட்டிருக்காங்க."

"நேரலைல என்னை எப்ப வெட்டுவாங்க?" என்று கேட்டாள் செம்மலர்.

"நீங்க வேற ஏதாவது பேச ஆரம்பிச்சா கௌசிக் சார் உடனே விளம்பரத்துக்குப் பட்டனை அமுக்கிருவாரு. ஆனா வெட்டறது மென்பொருள். பேசறவங்க நிறுத்தற எடத்துலதான் அது வெட்டும். பாதிப் பேச்சுல வெட்டினா பாக்கறவங்களுக்கு எரிச்சலாம்."

"அதுவும் சொகுசா?"

"ஆமா மேடம், அதுவும்தான்."

"மூச்சு விட்டாத்தான் வெட்டும்."

ஜாக்குலினுக்குப் புரிந்துவிட்டது. முகமெல்லாம் சிரிப்பாக, "ரைடுதான்க்கா இது" என்றாள். "அவங்க களத்துல போயி ஒரே பாட்டு."

*

வெள்ளிக்கிழமை சென்னை ஸ்டுடியோவில் நல்ல வெளிச்சம் போட்டிருந்தார்கள். செம்மலர் ஊன்றுகோலோடு வந்து உட்கார்ந்தாள். கையிலும் காலிலும் உறை. தொகுப்பாளினி சோகமும் கனிவுமாக ஏதேதோ சொன்னாள். திரையின் ஓரத்தில் ரசிகர்கள் எழுதுவது ஓடிக்கொண்டிருந்தது. "இன்னிக்கும் டிராமாவா", "கைல கட்டிட்டேன், பொய் சொன்னா மாட்டிப்பே", இப்படியே. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கௌசிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

"சொல்லுங்க செம்மு, அன்னிக்கு என்னதான் நடந்துச்சு?"

செம்மலர் குனிந்து கால் உறையை உருவிக் கழற்றினாள். கை உறைகளையும் கழற்றி மேஜைமேல் வைத்தாள். தொகுப்பாளினி வாயைத் திறப்பதற்குள் வயிறு வரை மூச்சை இழுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டினாள்.

"நான் உறையை இறக்கி விடல, எனக்கு வலிச்சுது, உங்க கைக்கு வரல, ஏன்னா உங்களுக்கு வலிக்கக் கூடாதுன்னு கம்பெனி அதை நடுவுலயே நிறுத்திட்டு மூணு வருஷத்துக்கு முன்னாடி நான் டீ குடிச்சதைப் போட்டு விட்டுச்சு, அதை நம்பிக்கிட்டு என்னை வித்தவன்னு சொன்னீங்க, நீங்க என்னை நம்ப வேணாம், நான் கேக்கவும் இல்லை, உங்களை நம்புங்க, செயலியைத் திறந்து அமைப்புகளுக்குப் போயி அடி வரைக்கும் தள்ளுங்க, 'என் நாடி'ன்னு இருக்கும், நான் விழுந்த நொடில உங்க நெஞ்சு என்ன சொல்லுச்சுன்னு பாருங்க, அது நான் சொன்னது இல்ல, கம்பெனி சொன்னதும் இல்ல, அது உங்களோடது, பாத்துட்டு அப்புறம் என்னை என்ன வேணா சொல்லுங்க, நான் மன்னிப்புக் கேக்க வரல, கேக்கவும் மாட்டேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கௌசிக் பட்டனை அமுக்கு அமுக்கென்று அமுக்கிக்கொண்டிருந்தான். மென்பொருள் பொறுமையாகக் காத்திருந்தது. செம்மலர் வாயை மூடி மூச்சு வாங்கியதும் ஒரு சோப்பு விளம்பரம் வந்தது.

*

அன்று இரவுக்குள் துடிப்பின் செயலி மூன்று முறை படுத்துவிட்டது. அத்தனை பேர் ஒரே வரியைத் தேடி உள்ளே போனால் அது என்ன செய்யும், பாவம்.

எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்று சொன்னால் நீங்கள் என்னை நம்பக் கூடாது. "இப்பப் புதுசா நடிக்கறா", "அந்தத் துள்ளல் ஆட்டத்துக்கு வந்தது, அவளுக்கு இல்லை" என்று கடைசிவரை மல்லுக்கட்டியவர்கள் உண்டு. நிறைய பேர் எழுதியதையெல்லாம் சத்தமில்லாமல் அழித்துவிட்டு, தங்களுக்கு எப்போதுமே சந்தேகம் இருந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். நாகு மட்டும் தன் நாடிப் படத்தை அப்படியே போட்டான். சமமாகப் போய்க்கொண்டிருந்த கோடு ஓரிடத்தில் விருட்டென்று எழும்பி நின்றிருந்தது. கீழே ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அடுத்த படத்தில் அவன் கழுத்தில் துண்டு இல்லை.

லீக் செம்மலரைக் காலவரையின்றி நீக்கியது. அணியின் மற்றப் பெண்கள் அன்றே உறைகளைக் கழற்றிப் பயிற்சி மைதானத்தின் நடுக்கோட்டில் வரிசையாக வைத்துவிட்டு, உறை இல்லாமல் ஆடவிட்டால் ஆடுகிறோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஜாக்குலின் போன் செய்தாள். "அவுட்டான ஆளு எப்படி உள்ள வரும்? கூட ஆடுதவ ஒரு பாயிண்ட் எடுத்தா வரும். நாங்க எடுக்கோம். நீங்க காலைப் பாருங்கக்கா."

ஆபரேஷன் அரசு ஆஸ்பத்திரியில் என்று முடிவானது. டாக்டர் நல்லவர், கபடி பார்க்காதவர். அது ஒரு நிம்மதி.

திண்டுக்கல் வீட்டுக்கு வந்த மறுநாள், சாயங்காலம், கார்மேகம் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்தான். செம்மலர் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நேரலை முடிந்ததிலிருந்து அவள் காத்துக்கொண்டுதான் இருந்தாள். நாகுவுக்கே தூக்கிப் போட்டிருக்கிறது. இவனுக்கு எத்தனை தூக்கிப் போட்டிருக்கும்? அதைப் பார்த்துவிட்டு வந்து இவன் அழுவான், நாமும் கொஞ்சம் அழுதுகொள்ளலாம் என்று இருந்தாள். அவள் உண்மையில் அந்த நேரலை ரைடுக்குப் போனதே இந்த ஒரு பாயிண்டுக்குத்தான்.

கார்மேகம் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். போனை அவளிடம் நீட்டினான்.

"பாத்தேன் மலரு" என்றான்.

அவள் வாங்கிப் பார்த்தாள். அந்தத் தேதி, அந்த ஆட்டம், அந்த நொடி. கோடு எழும்பவில்லை. அங்கேயும் இல்லை, அதற்குப் பின்னாலும் இல்லை. சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருக்கிற மனிதனின் நாடி மாதிரி, இதமாக, சமமாகப் போய்க்கொண்டிருந்தது.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

"கண்ணை மூடியிருந்தேன்" என்றான் கார்மேகம். "எப்பவும் மாதிரி மூடியிருந்தேன். ஊரே உன்னையப் பாத்திருக்கு மலரு. உன்னைத் திட்டினவன் எல்லாம் பாத்திருக்கான். நான் மட்டும்தான் பாக்கல. நீ அலறினது காதுல விழுந்துச்சு. கையில ஒண்ணும் இல்லையேன்னு விட்டுட்டேன்."

செம்மலர் போனைக் கட்டிலில் வைத்தாள். கோபப்படலாம், அதற்கு அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது. அந்தக் கோட்டைக் காட்டாமல் அழித்துவிட்டு, எனக்கும் தூக்கிப் போட்டது என்று இவன் ஒரு பொய் சொல்லியிருந்தால் தனக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை என்பதும் புரிந்தது. காட்டினானே.

"கையைக் கொடுங்க" என்றாள்.

அவன் மணிக்கட்டில் பட்டை இன்னும் இருந்தது. மூன்று வருஷம் கட்டிய இடம் வெளுத்துப்போயிருந்தது. அவள் கொக்கியைக் கழற்றிப் பட்டையை ஜன்னல் வழியாக வெளியே எறிந்தாள். வெறும் கையைப் பிடித்து இழுத்து, தன் முட்டியின்மேல் வைத்தாள். கட்டுக்குள் அது வீங்கி, சுடச்சுட இருந்தது. பழக்கத்தில் கண்ணை மூடப் போனான்.

"மூடாதீங்க மாமா" என்றாள் செம்மலர். "என்னையப் பாத்துக் கேளுங்க. வாயத் தொறந்து கேளுங்க, நான் சொல்றேன்."

கார்மேகம் அவள் முகத்தைப் பார்த்தான்.

"வலிக்குதா?" என்றான்.